இறாலுக்கு மூலிகை: தண்ணீரில் கொட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: குளத்தில் விப்ரியோ என்ற பாக்டீரியா ஏறுகிறது, இறால் ஒன்றிரண்டாகச் சாகிறது, ஆன்டிபயாட்டிக் போட முடியாது. வேப்பிலை, பூண்டு, கொய்யா இலை, மஞ்சள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கொடுப்பது, எவ்வளவு, தண்ணீரில் கலக்கலாமா, அறுவடைக்கு முன் நிறுத்த வேண்டுமா?

நேரடியான பதில்: பூண்டும் கொய்யா இலையும் தீவனத்தில் சேர்க்கலாம், பயன் உண்டு. எதையும் தண்ணீரில் கொட்டாதீர்கள். வேப்பிலையைக் குளத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். இறால் கொத்துக் கொத்தாகச் சாக ஆரம்பித்த பிறகு எந்த இலையும் காப்பாற்றாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் மீதிப் பதில், கொஞ்சம் நீளம்.

முதலில் வந்திருப்பது பாக்டீரியா நோய்தானா என்று பார்த்துவிடுங்கள். தீவனத் தட்டைத் தூக்கி அதில் இருக்கும் இறால் பத்தை எடுத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். முதுகோரம் தலையிலிருந்து வால் வரை குடல் ஒரே கறுப்புக் கோடாக நிரம்பி இருக்க வேண்டும். நடுநடுவே அறுந்து தெரிந்தாலோ காலியாக இருந்தாலோ தின்னவில்லை என்று அர்த்தம். தலை ஓட்டுக்கு உள்ளே இருப்பதுதான் கல்லீரலும் கணையமும் ஒன்றாக அமைந்த உறுப்பு. நன்றாக இருக்கும் இறாலில் அது பழுப்பாகவோ ஆரஞ்சு கலந்த பழுப்பாகவோ பருத்துத் தெரியும். வெளுத்து, சுருங்கி, கறுப்புக் கீறலோ புள்ளியோ விழுந்திருந்தால் கவலைப்பட வேண்டும். அந்த உறுப்பை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள், நல்லதாக இருந்தால் கூழாக நசுங்கும், நோயுற்றது நார்போல வழுக்கிக்கொண்டு நசுங்க மறுக்கும். குஞ்சு விட்ட முதல் 30, 35 நாளுக்குள் இது நடந்தால், ஏஎச்பிஎன்டி என்கிற கடுமையான கல்லீரல் கணைய அழுகலாக இருக்க வாய்ப்பு அதிகம். இஎம்எஸ், அதாவது சீக்கிரச் சாவு நோய் என்று முன்பு சொன்னதும் இதைத்தான். 2009 வாக்கில் சீனாவில் தலைகாட்டி, வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவி, 2013இல் மெக்சிகோவரை போன நோய். என்ன காரணம் என்றே தெரியாமல் பல வருடம் எல்லோரும் திண்டாடினார்கள். அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னர் குழுதான் 2013இல் விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ்தான் என்று காட்டியது. அதிலும் எல்லா பாராஹீமோலிட்டிக்கசும் இல்லை, பிர்-ஏ, பிர்-பி என்ற இரண்டு நச்சுகளுக்கான மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம்) உள்ள ரகம் மட்டும்.

இந்த நச்சு விஷயம் மூலிகைக்கு ரொம்ப முக்கியம். கல்லீரல் கணையத்தின் குழல்களில் உள்ள செல்களை உரித்துப் போடுவது பாக்டீரியா விடும் நச்சு. பாக்டீரியாவை நாளைக்குக் கொன்றாலும் இன்றைக்கு உரிந்த செல் திரும்ப ஒட்டாது. ஆன்டிபயாட்டிக்கே இதில் பெரிதாக ஒன்றும் சாதிக்காததற்கு இது ஒரு காரணம். அப்படியிருக்க, சாகத் தொடங்கிய குளத்தில் கொய்யா இலை என்ன செய்துவிடும்?

இன்னொன்று, இறாலின் வெள்ளைக் கழிவு மிதப்பதைப் பார்த்தவுடனே விப்ரியோ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இஎச்பி என்கிற நுண்ணிய ஒட்டுண்ணி, மைக்ரோஸ்போரிடியா வகை, அதற்கும் இதே அறிகுறி வரும், அது பாக்டீரியாவே இல்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் வைரஸ். இவற்றுக்குப் பூண்டு கொடுத்துவிட்டு பூண்டு வேலை செய்யவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புங்கள், அது உறுதியாகச் சொல்லும். ஆய்வகத்தில் விப்ரியோவை வளர்த்து எண்ணும் டிசிபிஎஸ் தட்டில் பச்சைக் காலனி வந்தால் ஆபத்து, மஞ்சள் வந்தால் பரவாயில்லை என்று ஒரு கணக்கு ஓடுகிறது. அந்த நிறம் பாக்டீரியா சுக்ரோஸ் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான் காட்டுகிறது. பச்சையில் சாதுவானதும் உண்டு, மஞ்சளில் கொல்வதும் உண்டு. எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அந்தத் தட்டு உதவும், அவ்வளவுதான்.

சரி, இப்போது தண்ணீர் விஷயம். மூலிகை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும்: ஓர் ஆய்வகத் தட்டில் விப்ரியோவைப் பரப்பி, நடுவில் இலைச்சாறு நனைத்த காகித வில்லையை வைத்து, சுற்றி எத்தனை மில்லிமீட்டர் வளராமல் தெளிவாக இருக்கிறது என்று அளப்பது. அதைப் படித்துவிட்டுத்தான் "இந்த இலை விப்ரியோவைக் கொல்லும்" என்று பரப்புகிறார்கள். கொல்லும், பொய்யில்லை. எந்த அளவில் கொல்லும் என்பதுதான் கேள்வி. சுத்திகரிக்காத இலைச்சாறுகள் பலவற்றுக்கு பாக்டீரியா வளர்ச்சியை நிறுத்த ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் தேவைப்படுகிறது, அதாவது 1000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு). அரை ஹெக்டேர் குளம், 1.2 மீட்டர் ஆழம் என்று வையுங்கள்: 6000 கன மீட்டர், 60 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் ஒரு பிபிஎம் வர 6 கிலோ போட வேண்டும். 1000 பிபிஎம் வர 6 டன். இது காய்ந்த இலை இல்லை, இலையிலிருந்து பிரித்தெடுத்து வற்றவைத்த சாறு! பத்துக் கிலோ காய்ந்த இலைக்கு ஒரு கிலோ சாறு கிடைத்தாலும் 60 டன் இலை வேண்டும். இதை விட்டுவிட்டு நாலு கூடை இலையை அரைத்துக் கரைப்பவர் விப்ரியோவுக்கு மருந்து போடவில்லை, சோறு போடுகிறார். அரைத்த இலை என்பது கரிமப் பொருள், அது அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும், பாக்டீரியாவை வளர்க்கும். நல்ல சூழ்நிலை அமைந்தால் பாராஹீமோலிட்டிக்கஸ் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது, அதோடு போட்டிபோட யாராலும் ஆகாது.

தட்டுச் சோதனையில் வேறு வில்லங்கமும் இருக்கிறது. சாற்றை எத்தனாலிலோ மெத்தனாலிலோ எடுத்திருப்பார்கள், அது சரியாக ஆவியாகாமல் இருந்தால் தெளிவு வளையத்தில் பாதி சாராயத்தின் வேலை. வெறும் கரைப்பான் நனைத்த வில்லையையும் பக்கத்தில் வைத்துக் காட்டாத படத்தை நம்பாதீர்கள். மறுபக்கம், மஞ்சளின் குர்க்குமின் தண்ணீரில் கரையவே கரையாது, தட்டில் பரவவும் மாட்டாது, அதனால் வளையம் சின்னதாக வந்தால் மஞ்சள் மோசம் என்றும் ஆகாது. வளையத்தின் அகலத்தை வைத்து இலைகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களை நான் பொருட்படுத்துவதில்லை.

அப்போ தீவனம். அதே கணக்கைத் தீவனத்தில் போட்டுப் பாருங்கள். குளத்தில் ஒரு டன் இறால், அதன் எடையில் 3 சதவீதம் தீவனம் என்றால் நாளுக்கு 30 கிலோ. கிலோவுக்கு 10 கிராம் காய்ந்த இலைப்பொடி சேர்த்தால் மொத்தம் 300 கிராம்தான். அந்த 10 கிராம் பொடியில் சாறாக ஒரு கிராம் இருந்தால், ஒரு கிராம் தீவனத்தில் ஒரு மில்லிகிராம். தட்டில் பாக்டீரியாவை நிறுத்திய அதே அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், அதுவும் விப்ரியோ நுழைகிற வழியான வயிற்றிலும் குடலிலும். அங்கே 60 டன் இலை, இங்கே 300 கிராம் இலைப்பொடி, வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் ரொம்ப சந்தோஷப்படவும் வேண்டாம். இறால் தீவனத்தை மீன் மாதிரி லபக்கென்று விழுங்காது, காலால் பிடித்துக்கொண்டு கொறிக்கும், அதற்குள் கொஞ்சம் சத்து தண்ணீரில் கரைந்துவிடும். குடலில் உணவு ஓரிரு மணி நேரம்தான் தங்குகிறது. ஆகவே தட்டுத் தடுமாறி எல்லைக் கோட்டில் நிற்கிற அளவு இது. ஓங்கி அடிக்கிற மருந்தாக இதை நினைக்காதீர்கள், விப்ரியோ குடலில் குடியேறுவதைச் சிரமப்படுத்துகிற ஒன்று, அவ்வளவே. நோயுற்ற இறால் தின்னாது என்பதையும் சேர்த்துக்கொண்டால், வருமுன் கொடுத்தால்தான் உண்டு என்பது தானாக விளங்கும்.

பாக்டீரியாவைக் கொல்வது தவிர இன்னொரு வழியிலும் மூலிகை வேலை செய்கிறது, எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். இறாலுக்கு நம்மைப்போல எதிர்ப்புரதம் உண்டாக்கும் வசதி கிடையாது, அதனால்தான் கோழிக்குப் போடுவதுபோல வழக்கமான தடுப்பூசி இதற்கு இல்லை. ரத்த அணுக்கள் கிருமியை விழுங்குவது, காயத்தைக் கறுப்பாக்கி மூடுகிற பீனால் ஆக்சிடேஸ் நொதி, இப்படிப் பொதுவான காவல்தான் அதற்கு இருப்பது. பல தாவரச் சத்துகளைச் சில வாரம் தின்ற இறாலில் இந்த அளவுகள் உயர்வதையும், பிறகு வேண்டுமென்றே விப்ரியோ ஏற்றும்போது குறைவாகச் சாவதையும் ஆய்வகத் தொட்டிகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். தொட்டியில், கண்ணாடிபோன்ற தண்ணீரில், அளந்து ஏற்றிய கிருமிக்கு எதிராக. சேறு, அமோனியா, இரவில் இறங்கும் ஆக்சிஜன் எல்லாம் உள்ள குளத்தில் அதே சதவீதம் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதோடு இந்தத் தூண்டுதலை விடாமல் மாதக் கணக்கில் கொடுத்தால் பலன் மங்கிவிடுகிறது. ஒரு வாரம் கொடுத்து ஒன்றிரண்டு வாரம் விடுவது நல்லது, செலவும் குறையும்.

மூன்றாவது வழி சுவாரசியமானது. விப்ரியோக்கள் தங்களுக்குள் வேதிப்பொருள் விட்டு "நாம் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறோம்" என்று கணக்கெடுத்துக்கொள்கின்றன, கூட்டம் சேர்ந்த பிறகுதான் ஒளிர்வது, தாக்குவது எல்லாம். இருட்டில் தொட்டித் தண்ணீர் நீலப்பச்சையாக மினுங்கும் விப்ரியோ ஹார்வியில்தான் இந்தப் பேச்சை நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். இலவங்கப்பட்டையின் வாசனைச் சத்தான சின்னமால்டிஹைடு, கிருமியைக் கொல்லாத சிறிய அளவிலேயே இந்தப் பேச்சைக் குழப்புகிறது. டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புக் கடற்பாசியின் ஃபியூரனோன்களும் அப்படித்தான், ஆனால் அவை பலன் தரும் அளவுக்கும் இறால் குஞ்சின் இரைக்கே நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. குளத்துக்கு இன்னும் வந்து சேராத சமாச்சாரம், ஆனால் எதிர்காலம் இந்தப் பக்கம் இருக்கலாம்.

இனி ஒவ்வொரு செடியாக. பூண்டுக்கு அடிப்படை வலுவானது. பல்லுக்குள் அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறையில் இருக்கின்றன, நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. கவாலிட்டோ, பெய்லி என்ற இருவர் 1944இல் பிரித்துக் காட்டியது இந்த அல்லிசினைத்தான். ஆகவே வேகவைத்த பூண்டால் பயனில்லை, நொதி செத்துவிடும். முழுப் பல்லாகக் காயவைத்துப் பொடித்தது பரவாயில்லை, சூடு ஏறாமல் காய்ந்திருந்தால் நனையும்போது வேலை செய்யும். அரைத்த விழுதை முன்கூட்டியே செய்து வைத்தால் அல்லிசின் சிதையத் தொடங்கியிருக்கும். செய்ய வேண்டியது இப்படி: கிலோ தீவனத்துக்கு 10 முதல் 20 கிராம் பச்சைப் பூண்டை நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துப் பிழிந்து, சாற்றைத் தீவனத்தில் தெளித்துப் புரட்டுங்கள். பிறகு மேலே ஒரு பூச்சு, முட்டை வெள்ளையோ ஜெலட்டினோ மீன் எண்ணெயோ, கரைந்து போகாமல் இருக்க. நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே போட்டுவிட வேண்டும். வெயிலில் காயவைக்க வேண்டாம். பூச்சு சரியாக விழுந்ததா என்று பார்க்க ஒரு பிடி தீவனத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள், தண்ணீர் கலங்கி பூண்டு வாசம் தூக்கலாக வந்தால் மருந்து குளத்துக்குப் போகிறது, இறாலுக்கு இல்லை.

கொய்யா இலையைத் தாய்லாந்தில் 1990களிலேயே கருப்பு வரி இறாலில் விப்ரியோவுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். டானின், குவெர்செட்டின் வகைச் சத்துகள்தான் வேலை செய்வது. நிழலில் உலர்த்தி மையாகப் பொடித்து கிலோவுக்கு 5 முதல் 10 கிராம். அதிகம் போட்டால் அதிகப் பலன் என்று நினைத்தால் தவறு, டானின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், செரிமானம் குறையும், துவர்ப்பில் இறால் தீவனத்தை ஒதுக்கவும் செய்யும். நாட்டு வாதுமை இலைக்கும் இதே கதைதான்.

மஞ்சள், கரையாத பிரச்சினையைச் சொன்னேனே, தண்ணீரில் கலக்கித் தெளிக்காமல் எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். வெளிச்சத்திலும் சிதையும், ஆகவே உடனே பயன்படுத்த வேண்டும். நிலவேம்பு, கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, துளசி எல்லாவற்றுக்கும் தொட்டிச் சோதனைகள் உண்டு. கீழாநெல்லி மனிதக் கல்லீரலுக்கு நல்லது என்பதால் இறாலின் கல்லீரல் கணையத்துக்கும் நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். பெயர்தான் ஒன்று, அந்த உறுப்பின் அமைப்பும் வேலையும் வேறு.

வேம்புக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள், ஏனென்றால் வேம்பு என்றாலே நல்லது என்று நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. வேம்பின் அசாடிராக்டின் பூச்சிகளை எப்படி ஒழிக்கிறது? அவை சட்டை உரிப்பதற்கான எக்டைசோன் ஹார்மோனைக் குழப்பி. இறாலும் ஓடு உரித்துத்தான் வளர்கிறது, அதுவும் அதே குடும்ப ஹார்மோனால்தான். பூச்சியும் இறாலும் கணுக்காலிகள், தூரத்துப் பங்காளிகள். வேப்பெண்ணெய், வேப்பம்புண்ணாக்கு இரண்டிலும் இந்தச் சத்து இலையைவிட அதிகம். ஓடு பாதியில் சிக்கிச் சாகிற இறாலைப் பார்த்து அதற்கும் விப்ரியோ மேல் பழி போட வேண்டாம். தீவனத்தில் குறைந்த அளவு வேப்பிலை சேர்த்து நல்ல முடிவு கண்ட சோதனைகள் உண்டுதான், ஆனால் இலைக்கு இலை சத்து மாறும் ஒரு பொருளில் அந்தக் கத்தி முனையில் நடக்க எனக்கு விருப்பமில்லை, மற்ற இலைகள் இருக்கும்போது தேவையும் இல்லை.

தேயிலை விதைப் புண்ணாக்கு தனி ரகம். அதிலுள்ள சப்போனின் மீனைக் கொல்லும், இறாலை அந்த அளவில் கொல்லாது, குளத்துக் களை மீனை ஒழிக்கப் போடுவது அதனால்தான். அது விப்ரியோ மருந்து இல்லை. இறாலை ஓடு உரிக்கவும் தூண்டும், நோயில் தளர்ந்திருக்கும் இறாலை அந்த நேரத்தில் உரிக்க வைப்பது ஆபத்து.

குஞ்சுப் பொரிப்பகத்தில் கணக்கு மாறும். பத்து டன் தொட்டியில் 10 பிபிஎம் என்பது 100 கிராம்தான், ஆகவே தண்ணீரில் போடுவது அங்கே நடக்கிற காரியம். குஞ்சுகளுக்கு உயிர் இரையாகக் கொடுக்கும் ஆர்ட்டீமியா என்ற சின்ன உப்புநீர் உயிரிக்கு மூலிகைச் சாற்றை ஊட்டி, அதைக் குஞ்சுக்கு இரையாகக் கொடுப்பதும் செய்கிறார்கள். ஆனால் லார்வா ரொம்ப மென்மை, ஒரு வாளியில் கொஞ்சம் குஞ்சை வைத்து ஒருநாள் பார்க்காமல் முழுத் தொட்டிக்குப் போடாதீர்கள்.

புரோபயாட்டிக், அதாவது நல்ல பாக்டீரியா போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூண்டுக்கு விப்ரியோ வேறு, புரோபயாட்டிக்கில் இருக்கும் பேசில்லஸ் வேறு என்று தெரியாது. இரண்டையும் ஒரே வேளைத் தீவனத்தில் கலந்தால் காசு கொடுத்து வாங்கியதைக் காசு கொடுத்துக் கொல்கிறீர்கள். மூலிகை வாரம் முடிந்த பிறகு புரோபயாட்டிக், அல்லது காலை ஒன்று மாலை ஒன்று என்றாவது பிரியுங்கள். குளோரின் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் இதே மாதிரிதான், காலியான இடத்தில் முதலில் ஓடிவந்து நிரம்புவது வேகமாகப் பெருகும் விப்ரியோதான்.

பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே நாளில், ஒரே இடத்துக் குஞ்சு விட்ட இரண்டு குளம் இருந்தால் ஒன்றுக்கு மூலிகைத் தீவனம், மற்றதற்கு வெறும் பூச்சு மட்டும் போட்ட தீவனம். பூச்சு கட்டாயம் இரண்டுக்கும், இல்லாவிட்டால் முட்டை வெள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பெயர் பூண்டுக்குப் போய்விடும். தீவனத் தட்டில் மிச்சம், வார எடை, குடல் நிரம்பிய இறால் பத்துக்கு எத்தனை, இவற்றை எழுதி வையுங்கள். எல்லாக் குளத்துக்கும் போட்டுவிட்டு அந்தப் பருவம் நன்றாக விளைந்தால் அது மூலிகையாலா, மழை சரியாகப் பெய்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் குளம். ஒன்றிரண்டாகச் சாகிறது என்கிறீர்கள், இன்னும் தின்கிறது என்றால் முதலில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரைக் கூடுதல் நேரம் ஓட்டுங்கள், நடுவில் சேர்ந்த சேற்றையும் உரித்த ஓட்டையும் வெளியேற்றுங்கள். விப்ரியோவுக்குக் கைட்டின் பிடித்தமான இரை, உரித்த ஓட்டில் அது நிறைய உண்டு. செத்ததைத் தினமும் பொறுக்குங்கள், மற்ற இறால் அதைத் தின்றுதான் நோய் வேகமாகப் பரவுகிறது. இவற்றைச் செய்துகொண்டே குறைத்த தீவனத்தில் பூண்டுச் சாறு ஐந்தாறு நாள் கொடுக்கலாம். தின்பதை நிறுத்திவிட்டு, சாவு நாளுக்கு நாள் இரட்டிப்பானால், விற்கிற அளவு இறால் இருந்தால் அறுவடைதான், மூலிகைக்குச் செலவழிக்காதீர்கள். அப்படி அறுவடை செய்யும் குளத்தின் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் திறந்துவிட்டால் பக்கத்துக் குளத்துக்கும் நோயைக் கொடுத்தனுப்புகிறீர்கள், கிருமி நீக்கிய பிறகுதான் விட வேண்டும்.

அறுவடைக்கு முன் நிறுத்துவது பற்றி: நீங்களே அரைத்துக் கொடுத்த பூண்டும் கொய்யா இலையும், இறாலில் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எச்சச் சோதனையில் சிக்காது. இருந்தாலும் கடைசி ஒரு வாரம் வெறும் தீவனம் கொடுத்துவிடுங்கள், பூண்டு வாசமோ மஞ்சள் ஏறிய குடலோ வாங்குபவருக்குப் பிடிக்காது. பயப்பட வேண்டியது பொட்டலத்திலும் பாட்டிலிலும் வரும் "மூலிகை" திரவத்துக்கு. போட்ட இரண்டே நாளில் சாவு நின்றது என்று அதிசயமாக ஒன்று வேலை செய்தால், அதில் இலை மட்டும்தான் இருக்கிறதா என்று நான் சந்தேகப்படுவேன். எந்தச் செடி, எந்தப் பாகம், முக்கியச் சத்து எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், அந்தக் குறிப்பிட்ட தொகுப்புக்கு குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்ற தடைசெய்த ஆன்டிபயாட்டிக் இல்லை என்ற ஆய்வகச் சான்று கேளுங்கள். பதில் சொல்லாமல் "இயற்கை சார், பயமே வேண்டாம்" என்று சிரித்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அறுவடைக்கு நாள் குறிப்பதற்கு முன் ஒரு கிலோ இறாலை எச்சச் சோதனைக்கு அனுப்பி முடிவு வரட்டும்.